சிட் சிப்பின் டிரம் ஒலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கமடோர் 64 கணினியின் ஒலிச் சிப்பான சிட்டில் கேட்கும் டிரம் ஒலிகளை என் அனலாக் சிந்தசைசரில் கொண்டுவரப் பார்க்கிறேன். வெள்ளை இரைச்சல், வேகமான என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் போக்கைத் தீர்மானிப்பது), ஃபில்டர் எல்லாம் வைத்தாயிற்று. டிரம் நன்றாகவே வருகிறது, ஆனால் அந்தக் கணினியின் ஒலி மட்டும் வரவில்லை. ஃபில்டரை மாற்ற வேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஃபில்டர் இருக்கட்டும். உங்கள் சிந்தசைசரில் சுருதி சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. அந்தக் கணினியில் அது படிப்படியாகக் குதித்து இறங்கியது.

1982-இல் வந்த அந்தக் கணினிக்காக பாப் யானஸ் வடிவமைத்த சிப்பில் மூன்றே குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் மூன்று ஒலிகள்தான். டிரம்முக்கென்று ஒன்றை ஒதுக்கினால் மெட்டுக்கும் பேஸுக்கும் போக மிச்சம் இருக்காது. அதனால் பேஸ் வாசிக்கும் குரலையே கொஞ்ச நேரம் பறித்து டிரம் அடிப்பார்கள். எவ்வளவு அழகான சிக்கனம்! இசையை ஓட்டும் நிரல் பெரும்பாலும் திரையின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை இயங்கும். ஐரோப்பிய டிவி முறையில் அது 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. முதல் ஃபிரேமில் இரைச்சல், அடுத்ததில் பல்ஸ் அலை, அப்புறம் ஃபிரேமுக்கு ஒரு படியாகச் சுருதி இறங்கும். கிக் (கனத்த அடி டிரம்) தயார். ஸ்னேர் (சரசரக்கும் டிரம்) என்றால் பல்ஸுக்குப் பின் மறுபடி இரைச்சல்.

ஆகவே சுருதி என்வலப்பை நேராக, அலையை உண்டாக்கும் ஆசிலேட்டருக்கு அனுப்பாமல், நடுவில் ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்டு (கிளாக் துடிக்கும்போது உள்ளே வரும் மதிப்பை எடுத்து, அடுத்த துடிப்பு வரை அப்படியே பிடித்து வைக்கும் சுற்று) வைத்து 50 ஹெர்ட்ஸ் கிளாக் கொடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கிளாக் புதிதாகத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு அடி போல இன்னொன்று இருக்காது. ஸ்டெப் சீக்வென்சர் (நாம் வைத்த மதிப்புகளைப் படிப்படியாக அனுப்பும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது: அதே வேகத்தில் ஒருமுறை மட்டும் ஓடவிட்டு, ஒரு வரிசையில் சுருதியையும் இன்னொன்றில் இரைச்சலா பல்ஸா என்பதையும் வைத்துவிடலாம்.

இரைச்சலிலும் ஒரு விஷயம் இருக்கிறது, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சிட்டின் இரைச்சல் 23 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டரிலிருந்து (பிட்களை ஒவ்வொரு இடமாக நகர்த்தும் சுற்று) வருகிறது. அது நகரும் வேகத்தை அந்தக் குரலின் ஆசிலேட்டரே தீர்மானிக்கிறது. அதாவது இரைச்சலுக்கும் சுருதி உண்டு: கீழே போனால் கரகரக்கும், மேலே போனால் சீறும். உங்கள் வெள்ளை இரைச்சலை இன்னொரு சாம்பிள் அண்ட் ஹோல்டுக்குள் விட்டு, அதை ஒரு ஆசிலேட்டரின் சதுர அலையால் கிளாக் செய்யுங்கள். லோ பாஸ் ஃபில்டர் இரைச்சலை மங்கச் செய்யுமே தவிர, இந்தக் கரகரப்பைத் தராது.

சாம்பிள் அண்ட் ஹோல்டு ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதை இரைச்சலுக்கே கொடுங்கள். சுருதிப் படிகளைச் சீக்வென்சர் பார்த்துக்கொள்ளும்.