ஐந்தரைக்குக் கடை சாத்துகிற ஊரில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மொரீஷியஸ் வந்து எட்டு மாதம், அலுவலகங்கள் நிறைந்த எபேனில் வேலை, வீடு ஃப்ளிக்-அன்-ஃப்ளாக் கடற்கரைப் பக்கம். "சென்னையில் இதைவிட அதிக நேரம் உழைத்திருக்கிறேன், இப்படி மூச்சு முட்டியதில்லை. வீடு வந்து சேரும்போது குழந்தை தூங்கிவிடுகிறது. ஐந்தரைக்கெல்லாம் கடையைச் சாத்திவிடுகிறார்கள், இவர்களுக்குப் பிழைக்கவே தெரியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதே தப்பை நானும் செய்தேன். தீவுக்குப் போகிறோம், கடல் பார்த்த வீடாக இருக்கட்டும் என்று அதே ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கில் இரண்டு வருடம் குடியிருந்தேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் காரில். ஜூன் மாதத்தில் இங்கே ஆறுக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அந்தக் கடலை நான் பெரும்பாலும் இருட்டில்தான் பார்த்தேன், சத்தம் மட்டும் கேட்கும். வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் எபேனுக்குப் பக்கத்திலேயே, கடலை விட்டுத் தள்ளி இருக்கும் காத்ர் போர்னுக்கு மாறினோம். உங்களுக்கு எங்களுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. 2023இல் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுய் வரை மெட்ரோ போட்டுவிட்டார்கள். ரோஸ் ஹில் பக்கம் வீடு பார்த்தால் காரே வேண்டாம். வீடு கொஞ்சம் பழசாக இருக்கும், மழை அதிகம், இங்கே ஜூலைதான் குளிர்காலம், தோசை மாவு புளிக்க அடம்பிடிக்கும். பரவாயில்லை, போர்வை சுற்றி வையுங்கள்.

இரண்டாவது, கடிகாரம். உங்கள் மூச்சுமுட்டலுக்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பாதி ஆட்கள் சென்னையில், வாடிக்கையாளர் பிரான்சில். நம் ஊர் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாரிஸ் கோடையில் இரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் மூன்று மணி நேரம் பின்னால். சென்னையில் ஒன்பதரைக்கு உட்காரும் ஆளோடு பேச நீங்கள் எட்டு மணிக்கு உட்கார வேண்டும். டிசம்பரில் பாரிஸ்காரர் மாலை ஆறு மணிக்கு "ஒரு சின்ன சந்தேகம்" என்று கூப்பிட்டால் இங்கே இரவு ஒன்பது. காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை! இதில் உங்கள் திறமைக்குறைவு ஒன்றும் இல்லை, நடுவில் உட்கார்ந்திருப்பவன் இரண்டு பக்கமும் இழுபடுவான், அவ்வளவுதான்.

நான் நான்கு வருடம் இழுபட்டேன். அப்புறம் ஒரு நாள் மேலாளரிடம் போய், காலையா இரவா, ஏதாவது ஒரு முனையை மட்டும் என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். முகம் சுளித்தார். ஏழரைக்கு வருகிறேன், நாலரைக்குக் கிளம்புகிறேன், பாரிஸ் குளிர்காலத்தில் வாரம் இரண்டு இரவு மட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் வழக்கமான வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது, சாப்பாட்டு இடைவேளை அதில் சேராது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டுப் பேசப் போங்கள், சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள்.

(நான் வந்தது 2009 ஜனவரி. அப்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க தீவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. ஊருக்கும் நமக்கும் அரை மணிதான் வித்தியாசம், அம்மாவோடு பேச அவ்வளவு வசதி. மார்ச் கடைசியில் திருப்பி வைத்தவர்கள் மறுபடி அதைத் தொடவே இல்லை.)

கடைக்காரர்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்றீர்களே, அது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. நானும் வந்த புதிதில் அப்படித்தான் பேசினேன். வியாழக்கிழமை மதியம் கியூர்பிப்பில் கடைகள் சாத்திக் கிடப்பதைப் பார்த்துச் சிரித்தேன். என் பக்கத்து வீட்டு அம்மா இங்கேயே பிறந்த தமிழர், ஐந்தாம் தலைமுறை. தமிழ் பேச வராது, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். ஆனால் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் பிசகாமல் இருப்பார். துணிக்கடையில் வேலை. நேரம் முடிந்தால் எழுந்து வந்துவிடுவார், பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஞாயிறு காலை ஒரு அண்டா பிரியாணி, பாய், மடக்கு நாற்காலி, பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சவுக்கு மரத்தடிக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். முதல் தடவை எங்களையும் கூப்பிட்டார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திட்டவில்லை. "ஸோர்தி திமான்ஸ்", இன்றைக்கு ஞாயிறு என்று மட்டும் சொல்லிவிட்டு அதன் மேலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்தார். குழம்பு தளும்பிவிடுமோ என்ற பயத்தில் நானே அதை எடுத்துக் காருக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது கடலை விட்டுத் தள்ளிக் குடியிருந்தும், கடற்கரை வீட்டில் இருந்த காலத்தைவிட அதிகமாகக் கடலுக்குப் போகிறோம்.

விடுப்பு விஷயம். பன்னிரண்டு மாதம் வேலை செய்தால் 20 நாள், அதோடு கூடுதலாக 2 நாள். அத்தனையையும் ஊர்ப் பயணத்துக்கென்று முடிந்து வைக்காதீர்கள். மூன்று வருடம் அப்படி வைத்து, ஊரில் கல்யாணம் காதுகுத்து என்று அலைந்து, போனதைவிடக் களைத்துத் திரும்பினேன். இப்போது நாலைந்து நாளை இங்கேயே செலவழிக்கிறேன், ஒன்றும் செய்யாமல். ஊருக்குப் பேசுவதையும் காலைக்கு மாற்றிவிட்டேன். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே பத்து, பெரியவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார்கள். காலை ஆறுக்குக் கூப்பிட்டால் அப்பா காபியும் பேப்பருமாகத் தெம்பாக இருப்பார்.

ஊரில் வீட்டுக்கடன் இருக்கிறது, அதனால்தான் இரவு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தப்பென்று சொல்லமாட்டேன், நாங்களும் செய்தோம். ஆனால் எந்த மாதத்தோடு நிறுத்தப் போகிறீர்கள் என்று வீட்டில் தேதி சொல்லிவிடுங்கள். தேதி இல்லாமல் இருந்ததுதான் எங்கள் வீட்டில் சண்டையானது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நீளமாக எழுதியதில் உங்கள் மனைவி பகல் முழுக்க அந்த வீட்டில் என்ன செய்கிறார் என்று ஒரு வரி இல்லை. பக்கத்தில் பேச்சுத்துணை யாராவது உண்டா? இங்கே கோவில்களில் தமிழ் வகுப்பு நடக்கிறது, அரசுப் பள்ளிகளிலும் தமிழ் ஒரு பாடம். சொல்லிக்கொடுக்க விருப்பமா என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் உங்கள் பக்கத்துக் கடற்கரைக்குத்தான் வருகிறோம், பிரியாணி அண்டா பெரியது. கணினியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.