ஞாயிற்றுக்கிழமை உடுப்பு – கடிதம்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஆடை வடிவமைப்பில் முதுகலை படிக்கிறேன். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்கில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு 'மதராஸ்' என்று பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. 1786-இல் நியூ ஆர்லியன்ஸில் அடிமைப் பெண்கள் தலையை மூடவேண்டும் என்று சட்டம் போட்டார்களாம். அவர்கள் அந்தத் துணியையே பகட்டாகக் கட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள் என்று படித்தேன். நம் ஊர்த் துணி அவர்களுடைய எதிர்ப்புக் கொடியாக இருந்தது பெருமையாக இருக்கிறது. முடிச்சின் முனைகளை எண்ணி அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று சொல்லலாமாமே, உண்மையா? இன்னொன்று. அதே பக்கத்து டொமினிக்கா தீவின் சந்தையை 18ஆம் நூற்றாண்டில் அகொஸ்தினோ புரூனியாஸ் வரைந்த ஓவியங்களைக் காட்டியபோது என் தோழி, "இவ்வளவு நன்றாக உடுத்தியிருக்கிறார்களே, அப்படியென்ன கஷ்டம்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

கொஞ்ச நாளாக நானும் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் கடிதமும் மற்றக் கடிதங்களோடு கிடந்திருக்கும்.

முடிச்சு விஷயத்தை விடுங்கள். ஒரு முனை என்றால் மனம் காலி, இரண்டு என்றால் ஆள் இருக்கிறது என்பதெல்லாம் இன்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிற கதை. கேட்க நன்றாக இருக்கும். ஆய்வேட்டுக்குத் தாங்காது.

அந்தப் பெருமையைத்தான் என்னால் சும்மா விடமுடியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் ஒன்று. சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர் என்று எல்லோரும் வாங்கிக் குவித்தார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய் ஏலம் போடப்பட்டு, மறுபடி கப்பலேறி ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அந்தக் கரைக்குக் கினி என்று பெயர், ஒரு வகைத் துணிக்குக் 'கினி துணி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நெய்தவரைக் குற்றம் சொல்லவில்லை, தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது எங்கே போகிறது என்று யார் சொல்லியிருப்பார்கள்? ஆனால் ஒரு பெண்ணுக்கு விலையாகக் கொடுத்த துணியும், பிற்பாடு அவள் பேத்தி தலையில் கட்டிய துணியும் ஒரே கரையிலிருந்து போனவையாக இருக்கலாம். கொடி என்று எழுதுகிறவர் இதையும் சேர்த்து எழுதவேண்டும். மார்த்தினிக்கில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1853-இல் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போய் இறங்கினார்கள். அவர்களுக்கு வெகு முன்பே அவர்கள் ஊர்த் துணி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

சட்டத்தையும் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற லூசியானா அப்போது ஸ்பெயினின் கையில் இருந்தது. ஆளுநர் எஸ்தெபான் மிரோ 1786-இல் குறிவைத்தது அடிமைகளை அல்ல, விடுதலை பெற்றிருந்த கறுப்பினப் பெண்களையும் கலப்பினப் பெண்களையும். தலையில் இறகும் நகையும் கூடாது, துணி கட்டவேண்டும் என்றார். உழைக்கும் அடிமைப் பெண் தலையில் துணி கட்டியிருப்பாள். காகிதத்தில் விடுதலையானவளைக் கண்ணுக்கு அவளைப்போலவே ஆக்கிவிட்டால் வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான் கணக்கு.

அடிமைகளுக்கான உடைச் சட்டம் வேண்டுமென்றால் தெற்கு கரோலினாவுக்குப் போங்கள். 1739-இல் அங்கே ஸ்டோனோவில் அடிமைகளின் கிளர்ச்சி நடந்தது, மறு வருஷமே ஒரு பெரிய அடிமைச் சட்டம் வந்தது. அதில் அடிமைகள் எந்தெந்தத் துணியை உடுத்தலாம் என்று ஜவுளிக்கடைப் பட்டியல்போலச் சொல்லியிருக்கிறார்கள். 'நீக்ரோ துணி' என்ற முரட்டுக் கம்பளித் துணி, ஆஸ்னபர்க் என்ற முரட்டு லினன், நீல லினன், கட்டம்போட்ட பருத்தி, காலிகோ என்ற மட்டமான பருத்தித் துணி. அதைவிட உயர்ந்ததை எந்த அடிமையாவது போட்டிருந்தால் காவலர் பறிக்கலாம். பறித்ததைத் தானே வைத்துக்கொள்ளவும் செய்யலாம்! உடையைப் பற்றி எழுதுவது பொழுதுபோக்கு வேலை என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

சரி, உங்கள் தோழி. கேள்வி எரிச்சலாக இருந்தாலும் ஓவியத்தை உற்றுப் பார்த்தவள் அவள்தான். புரூனியாஸை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அழைத்துப்போனவர் சர் வில்லியம் யங், அங்கே காலனி அதிகாரி, தோட்ட முதலாளியும்கூட. முதலாளிகளின் சுவருக்காக வரையப்பட்ட படத்தில் சந்தை இருக்கும், நடனம் இருக்கும். கரும்புக் காடும் கொதிக்கிற கொப்பரையும் சவுக்கும் இருக்காது. ஆனால் அந்த உடுப்பு முழுக்கப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவர்கள் நன்றாக உடுத்திக்கொண்டுதான் வந்தார்கள். இந்தத் துணிக்கு யார் காசு கொடுத்தது என்று உங்கள் தோழி அடுத்துக் கேட்டிருக்கவேண்டும்.

முதலாளி கொடுக்கவில்லை. ஜமைக்காவில் வருஷத்துக்கு இத்தனை கெஜம் ஆஸ்னபர்க்கை வெட்டாமல் தைக்காமல் அப்படியே கையில் கொடுப்பார்கள். கூட ஊசி, நூல். பகலெல்லாம் கரும்பு வயல். மிச்ச நேரத்தில், மலைச் சரிவில் ஒதுக்கிய துண்டு நிலத்தில் தங்களுக்கான கிழங்கையும் வாழையையும் அவர்களே பயிரிட்டுக்கொள்ளவேண்டும். அதில் மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும். அந்தக் காசில்தான் ஒரு பூப்போட்ட துணி, ஒரு கைக்குட்டை. வாங்கமுடியாததைச் செய்துகொண்டார்கள். அவுரியிலும் மரப்பட்டையிலும் சாயம் காய்ச்சினார்கள். மரவள்ளி மாவில் கஞ்சி போட்டார்கள். அமெரிக்கத் தென்பகுதியில் பாவாடை குடைபோல விரிந்து நிற்பதற்குக் காட்டுத் திராட்சைக் கொடியை வளைத்து உள்ளே வைத்தார்கள்.

ஜமைக்காவில் லகெட்டோ என்று ஒரு மரம். அதன் உள்பட்டையை விரித்து இழுத்தால் லேஸ் வந்துவிடும், நெய்யவே வேண்டாம். அதில் தொப்பியும் உடுப்புக்கு விளிம்பும் செய்தார்கள். ஜமைக்கா ஆளுநர் தாமஸ் லிஞ்ச், அதே பட்டையில் செய்த கழுத்துத்துணி ஒன்றை இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் மன்னருக்குக் கொடுத்ததாக, ஜமைக்காவுக்குப் போயிருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் எழுதிவைத்திருக்கிறார். சந்தைக்காரிக்கும் மன்னருக்கும் ஒரே லேஸ்.

வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-இல் தன் கதையை வெளியிட்டார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எஜமானி தரும் லின்சி என்ற முரட்டுத் துணி உடையை எவ்வளவு வெறுத்தேன் என்கிறார். அது அவருக்கு அடிமைத்தனத்தின் சின்னம். அவருக்குக் கிடைத்த மற்ற உடுப்பெல்லாம் பாட்டி தந்தது. பாட்டி எஜமானி வீட்டு வேலை முடிந்து, நடுராத்திரியில் பிஸ்கட் சுட்டு விற்ற பெண். ஒரு பிப்ரவரியில், பனி கொட்டிக் கிடந்தபோது, பாட்டி பேத்திக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள். பேத்தி அறைக்குள் நடக்க, சப்பாத்து கிரீச்சிட்டது. எஜமானிக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. கழற்று, மறுபடி போட்டால் அடுப்பில் எறிவேன் என்றாள். அதோடு விடவில்லை. வெறுங்காலோடு பனியில் வெகுதூரம் ஒரு வேலைக்கு அனுப்பினாள்.

இதைப் படித்தபோது என் பெரியம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டையும் ஒப்பிடவில்லை. பெரியம்மாவை யாரும் விற்கமுடியாது, அவர் பிள்ளைகளையும் விற்கமுடியாது, இந்த வித்தியாசத்தைத் தாண்டி எந்த ஒப்புமையும் போகாது. ஆனாலும் ஞாபகம் அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறது? பெரியம்மா வேலை பார்த்த பெரிய வீட்டில் தீபாவளிக்கு வேலைக்காரப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் மொத்தமாகச் சேலை எடுப்பார்கள். தெருவில் போனாலே எந்த வீட்டு ஆள் என்று தெரியும். ஒரு வருஷம் பெரியம்மா அந்தச் சேலையின் கரையைப் பிரித்து எடுத்துவிட்டு, எங்கிருந்தோ வாங்கிய மாம்பழ நிறக் கரையை வைத்துத் தைத்தார். அடேயப்பா, என்ன அழகு! வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு இவருக்கு மட்டும் சேலை இல்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் பெரியவளான பிறகு கேட்டேன், ஒரு பெரிய பதிலை எதிர்பார்த்துத்தான். "அந்தக் கரை நல்லாவே இல்லடி" என்றார்.

இதைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று இருந்தேன். இரண்டு வரிக்குள் இரண்டு முறை 'எதிர்ப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். பணக்காரி பட்டு உடுத்தினால் அவளுக்கு ரசனை இருக்கிறது என்கிறோம். அடிமைப் பெண் நல்ல துணி உடுத்தினால் உடனே எதிர்ப்பு. இவளுக்கு மட்டும் ஏன் ரசனை கிடையாது? மஞ்சள் பிடித்திருந்ததால் மஞ்சள் கட்டினாள் என்று ஏன் இருக்கக்கூடாது? பக்கத்துக் குடிசைக்காரியைவிட நன்றாகத் தெரியவேண்டும், ஒருத்தன் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று ஏன் இருக்கக்கூடாது? எல்லாவற்றையும் எதிர்ப்பாக்கினால் அவள் தலையில் இருக்கிற துணிகூட ஆளுநரைப் பற்றியதாகிவிடுகிறது. ஆறு நாள் அவன் சொன்னபடி இருந்தவள், ஏழாம் நாளும் அவனையே நினைத்துக்கொண்டு உடுத்தினாள் என்று நாம் சொல்கிறோம். ஆளுநர் பயந்தது உண்மைதான், பயம் இல்லாமல் சட்டம் வராது. அது அவர் கவலை.

எதிர்ப்பே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். ஓடிப்போகத் துணிந்தவளுக்கு நல்ல உடுப்பு பெரிய துணை. நகரத்தில் விடுதலையானவள்போல நடந்துபோகலாம், முடை வந்தால் விற்கலாம். அதனால்தான் வர்ஜீனியா, கரோலினா பத்திரிகைகளில் ஓடிப்போனவர்களைத் தேடி வந்த விளம்பரங்களில் முதலாளிகள் உடுப்பைப் பற்றி அவ்வளவு விவரம் எழுதினார்கள். என்ன நிறப் பாவாடை, என்ன துணி மேலாடை, மூட்டையில் வேறென்ன எடுத்துப்போயிருக்கிறாள் என்று. அவள் உடுப்பை அவ்வளவு கவனித்து எழுதிவைத்தவன் அவளைத் திரும்பப் பிடிக்க நினைத்தவன். ஆய்வாளருக்கு இன்று அதுதான் பெரிய சான்று என்பது எனக்குக் கசக்கிறது, ஆனாலும் படியுங்கள்.

ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஆனால் மூன்று தீவு, இரண்டு கண்டம் என்று பரப்பாமல் ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியங்களைக் கடைசியில் பாருங்கள், முதலில் விளம்பரங்களையும் சட்டங்களையும் தோட்டக் கணக்கேடுகளையும் படியுங்கள். ஒரு கெஜத் துணிக்கு எத்தனை கூடைக் கிழங்கு விற்கவேண்டியிருந்தது என்று கண்டுபிடிக்க முடிந்தால் அந்த ஒரு அத்தியாயம் போதும். நீங்கள் துணி வெட்டத் தெரிந்தவர், கைத்தையல் ஒரு பாவாடைக்கு எத்தனை ராத்திரி எடுக்கும் என்று உங்களால் சொல்லமுடியும், என்னைப்போன்ற வெறும் வாசகர்களால் முடியாது. முடித்ததும் அனுப்புங்கள். முன்னுரையில் எனக்கு நன்றி எழுதவேண்டாம், உங்கள் தோழிக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா