கழித்தல் கணக்கு

கேள்வி: ஆண்டு முடிவதற்குள் மீதமுள்ள 9 நாள் லீவை கிளியர் பண்ணச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. மன அழுத்தம் குறைய, இந்த விடுமுறையை ஓய்வாகக் கழிக்க எளிய வழிகள் சொல்லுங்களேன், ஐயா.
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: 'கழிக்க' என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் நானும் நாலு வழி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரித்திருப்பேன்.

திருஷ்டி கழிக்கிறோம். கடைக்காரர் விலையில் கழிவு தருகிறார். குழாய் வழியே போவதும் கழிவுதான். வேண்டாததைத்தானே கழிப்பார்கள்? ஆண்டு முழுக்கக் காத்துக் கிடந்து பெற்ற லீவை எதற்கு ஐயா கழிக்க வேண்டும்? போதாததற்கு 'கிளியர்' வேறு. தீபாவளிக்கு முதல் வாரம் ஸ்டோர் ரூமைக் கிளியர் பண்ணி, சுற்றாத மின்விசிறியைப் புளோக்குக்குக் கீழே கொண்டுபோய் வைப்பது போல! சட்டப்படி தரவேண்டிய ஆண்டு விடுப்பு முதல் ஆண்டில் 7 நாள். பிறகு ஆண்டுக்கு ஒரு நாளாக ஏறி எட்டாவது ஆண்டில்தான் 14-ஐத் தொடும். ஒரே ஒரு நாள் கூடுவதற்கு ஓராண்டு உழைக்க வேண்டிய சரக்கு அது. அதை டிசம்பரில் மூட்டை கட்டி வெளியே வைக்கிறோம்.

(விடுமுறைப் பற்றாக்குறை என்றதும் எனக்குத் தைப்பூசம் நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்தில் இனி அதைப் பற்றி எழுதுவதில்லை என்று உதவி ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே, 1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது பட்டியலிலிருந்து அது போயிற்று என்பதை எழுதாமல் விடுகிறேன்.)

கழித்தல் என்றால் எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான், பெட்டி எடை. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். விமானத்தில் எங்களுக்கு ஆளுக்கு 30 கிலோ. எடைக்கருவியின்மேல் பெட்டியை வைத்தால் எண் மறைந்துவிடும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும், இன்னோர் ஆள் தரையில் குப்புறப் படுத்துக் கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். வந்த எண்ணிலிருந்து தூக்கியவரின் எடையைக் கழித்தால் பெட்டியின் எடை. மனைவி தூக்கமாட்டார். தூக்கினால் கழிப்பதற்காக அவர் எடையைச் சொல்லியாக வேண்டும். அதனால் கழிபடுவது எப்போதும் நான்தான்.

போன ஆண்டு நான் ஏறி நின்றேன். மகன் படுத்துக்கொண்டு '106' என்றான். என் எடை 72, ஆகவே பெட்டி 34. நான்கு கிலோ கூடுதல். என்ன செய்வது? பெரியம்மாவுக்கு வாங்கிய மைலோ வெளியே வந்தது. சின்ன மாமா நான்கு முறை தொலைபேசியில் நினைவுபடுத்திய கோடாலித் தைலம் ஒரு டஜனில் பாதி வெளியே வந்தது. மைத்துனரின் காலணி வந்தது. கடைசியில் 102. கச்சிதம். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றினால் 26 காட்டுகிறது.

கணக்கில் பிழையில்லை. 72 என்பது நான் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்து வெளியே வந்தபோது இருந்த எடை. வெளியே எடுத்து வைத்த மைலோவும் தைலமும் காலணியும் சேர்ந்த அந்த நான்கு கிலோ, பெட்டியில் அல்ல, என் இடுப்பில் இருந்திருக்கிறது. தனியாக ஒருமுறை ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தத் தைரியம் வரவில்லை. சென்னை போய் இறங்கும்வரை நான்கு மணி நேரம் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சன்னல் பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆள் அழுத்தம் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். வாயைத் திறக்காதவர், எதையும் காட்டிக்கொள்ளாதவர், பிடித்த பிடியை விடாதவர் 'அழுத்தக்காரர்'. அந்தச் சொல்லைப் பிடித்து ஆங்கிலேயரின் 'ஸ்ட்ரெஸ்'ஸுக்குப் போட்டுவிட்டோம். இரத்தத்துக்கு ஓர் அழுத்தம், வங்காள விரிகுடாவுக்கு ஒரு காற்றழுத்தம், மனத்துக்கும் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 'மன உளைச்சல் என்று எழுதுங்கள், மன அழுத்தம் என்று எழுதாதீர்கள்' என்று எனக்கு மூன்று கடிதம் போட்டார். மூன்றுக்கும் நான் கொஞ்சம் துடுக்காகவே பதில் எழுதினேன். அவர் சந்தாவை நிறுத்திக்கொண்டார். அவர் கண்ணில் இந்த இதழ் படாது என்ற துணிச்சலில் சொல்கிறேன், அவர் சொன்னதுதான் சரி. நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவருக்குக் கைகால் உளைகிறது. அதே உளைச்சல்தான் மனத்துக்கும். 'அழுத்தம்' என்று சொன்னால் மருத்துவரைத் தேடுகிறோம். 'உளைச்சல்' என்று சொன்னால் பாட்டிக்கே வைத்தியம் தெரியும். வெந்நீர்!

நீங்கள் ஈசூன்காரர். காம்பாஸ் அவென்யூவில், உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா இருக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே போயிருக்கமாட்டீர்கள். முன்பு அது ராணுவ முகாம் நிலத்தில் வேலி போட்டுக் கிடந்தது. குழாயில் பிடித்த சுடுநீரை வாளியில் விளாவிக் காலில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரியில் தேசியப் பூங்காக் கழகம் அதைப் பூங்காவாக்கித் திறந்தது. ஊற்றில் நீர் 70 டிகிரி. படிப்படியாக அமைத்த தொட்டிகளில் இறங்கி வரும்போது, கடைசித் தட்டில் கால் பொறுக்கும் சூட்டுக்குத் தணிந்துவிடும். கட்டணம் இல்லை. முட்டை கொண்டுபோனால் அங்கேயே வேகவைக்கலாம். அடுப்புக் கொதிநீர் இல்லை என்பதால் சீக்கிரம் வேகாது. முட்டை வேகும்வரை செய்வதற்கு வேறொன்றும் இருக்காது. நீங்கள் கேட்ட ஓய்வு அதுதான். சனி ஞாயிறு போகாதீர்கள், காலை வைக்க இடம் இருக்காது. ஒன்பது நாள் லீவு வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் எதற்குப் போய் முட்டிக்கொள்ள வேண்டும்?

இதைவிட்டு எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு மசாஜுக்குப் போகிறார்கள். ஒரு கிலோமீட்டர் சொச்சக் கடற்பாலத்தில் டிசம்பர் நெரிசலில் காருக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்து திரும்புவதற்குள், அங்கே பிடித்துவிட்ட இடமெல்லாம் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

காலையில் எழும் பழக்கம் உண்டென்றால் பூமலை. புரியவில்லையா? தாவரவியல் பூங்காவுக்கு இங்கிருந்த தமிழர் வைத்த பெயர் அது. 1859-இல் அமைத்த தோட்டம், 2015-இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. நாமோ 'பொட்டானிக்' என்கிறோம். பூமலை என்ற அழகான பெயரைக் கழித்துவிட்டோம் பாருங்கள், இங்கே பொருந்துகிறது அந்த வினை. காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் காசு.

மூச்சுப் பயிற்சி பற்றி எழுதவில்லையே என்று நினைப்பீர்கள். இழுப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்தால் இதயத் துடிப்பு தணியும், உண்மைதான். அதற்கு லீவு எதற்கு? லிஃப்ட்டுக்கு நிற்கும்போதே செய்யலாம்.

கேட்கவே மறந்துவிட்டேன். உங்களுக்கு 9 நாள், பிள்ளைகளுக்கு ஆறு வாரம். வீட்டில் சமைப்பவருக்கு எத்தனை நாள்? எல்லாரும் ஓய்வாக வீட்டில் இருந்தால் அடுப்பு ஓய்வதில்லை. காலையில் இட்லி, பதினோரு மணிக்குக் கோப்பி, மதியம் சோறு, நான்கு மணிக்கு 'ஏதாவது கொறிக்க இருக்கா?' அது மனைவியோ, அம்மாவோ, பணிப்பெண்ணோ. பணிப்பெண்ணுக்காவது 2023 முதல் மாதத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு உண்டு. பணம் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. மனைவிக்கும் அம்மாவுக்கும் அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை. உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே செம்பவாங்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முட்டையை நீங்களே வேகவைத்து, நீங்களே உரித்துக் கொடுங்கள். உப்பும் மிளகுத்தூளும் மறக்கவேண்டாம். போன மாதம் நான் மறந்துவிட்டேன். தொட்டியில் காலை வைத்துக்கொண்டு என் மனைவி அந்த வெறும் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல்தான் இல்லை.