மலைப்பிரதேசத்தில் குடியேறினால் பசி ஹார்மோன் மாறி உடல் இளைக்குமா?

வேலையை விட்டுவிட்டு மூணாறு பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்தது மூணாறு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில். இன்றைக்கும் இங்கேதான், ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எடை 78 கிலோ. பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது கட்டுக்கதை இல்லை. 2010இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று உண்டு. உடல் பருமனான 20 ஆண்களை ஜெர்மனியின் சுக்ஸ்பிட்சே மலையில் 2650 மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் தங்கவைத்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம், வழக்கத்தைவிட அதிகமாக நடக்கவும் வேண்டாம். அப்படியும் சராசரியாக ஒன்றரைக் கிலோ குறைந்தது, சாப்பாடும் தானாகவே குறைந்தது. கவனிக்க வேண்டியது லெப்டின். கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, ‘போதும், நிறுத்து’ என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. ஆள் இளைத்தால் லெப்டினும் இறங்குவதுதான் வழக்கம். அங்கே ஏறியிருந்தது. வயிற்றில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனோ, 4000 மீட்டருக்குச் சமமாக ஆக்ஸிஜனைக் குறைத்த அறையில் செய்த வேறு ஆய்வில் இறங்கியிருந்தது.

இருபது பேர், ஒரே வாரம், ஒப்பிட்டுப் பார்க்கக் கீழே இன்னொரு குழுவும் இல்லை. அதை வைத்து வீடு மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

அதைவிட முக்கியம் உயரம். 2650 என்றால் கிட்டத்தட்ட நம்ம ஆனைமுடி உச்சி (2695). அங்கே வரையாடுதான் குடியிருக்கிறது, அதற்குப் பசியில் ஒரு குறையும் இல்லை. மூணாறு டவுன் 1500, 1600 மீட்டர்தான். சமவெளியில் கிடைக்கும் காற்றழுத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு இங்கேயும் கிடைக்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டர் எங்கள் வீட்டில் 96, 97 காட்டும். உடம்பு பதறுகிற அளவு ஆக்ஸிஜன் பஞ்சம் இல்லை.

பதறினால் எப்படி இருக்கும் என்பதைச் சித்தப்பா மகனிடம் கேட்டேன். ராணுவத்தில், லடாக்கில் லே பக்கம் இருந்தவன். அங்கே 3500 மீட்டர், காற்றழுத்தம் மூன்றில் இரண்டு பங்குதான். “மொத நாலஞ்சு நாளு சோத்தப் பாத்தாலே ஓங்கரிக்கும்ணே. தலவலி, தூக்கமும் வராது. ஒண்ணுக்குத்தான் போய்க்கிட்டே இருக்கணும்” என்றான். அந்த ஒண்ணுக்கு விஷயத்தைக் கவனியுங்கள். உயரத்துக்குப் போன புதிதில் தராசில் குறைவதில் ஒரு பகுதி வெறும் தண்ணீர்.

மூணாறில் நடப்பது இதற்கு நேரெதிர். குளிரில் பசி பிடுங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மழையும் சேர்ந்துகொண்டால், கட்டன் சாயாவோடு பழம்பொரி இரண்டு உள்ளே போவது தெரியாது.

அப்படியானால் தோட்டத்து ஜனங்கள் ஏன் ஒல்லி? அம்மாவிடம் கேட்டதற்குச் சிரித்தார். “காலைல பெரட்டுக்கு, அதான் ஆளெடுப்புக்குப் போயி, கொழுந்து மூட்டையத் தலையில வச்சிக்கிட்டு மேட்டுல ஏறி எறங்கிப் பாரு. சதை எங்க நிக்கும்?” முப்பது வருஷம் அப்படி ஏறி இறங்கியவர், குச்சிபோல இருந்தார். ஓய்வு பெற்று என்னோடு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதே உயரம், அதே காற்று. ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தாகிவிட்டது.

வருவதானால் வாருங்கள். வீட்டை மேட்டில் பாருங்கள், பால் வாங்கும் கடை கீழே இருக்கட்டும். ஸ்கூட்டர் மட்டும் வாங்கிவிடாதீர்கள், நான் வாங்கியது அதைத்தான்.