ஊசி குத்திவிட்டது, சொல்லவா வேண்டாமா?

நேற்று இரவு வார்டில் ரத்தம் எடுக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது, பிஜி, அதாவது முதுநிலை படிக்கும் டாக்டரோ, “ஒண்ணும் ஆகாது, வேலையப் பாரு” என்கிறார், மேலே சொல்லவா என்று கேட்கிறீர்கள். சொல்லுங்கள், இப்போதே.

பிஜி சொல்வதில் பாதி சரி. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஆனால் தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் கொடுக்கவே மாட்டார்கள். நேராக கேஷுவாலிட்டி டியூட்டி டாக்டரிடம் போய்ப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் ரத்தத்தை அவர் சம்மதத்தோடு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் அனுப்புங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று முதல் டோஸைத் தள்ளிப்போடாதீர்கள். தொடர வேண்டியிருந்தால் 28 நாள்.

எனக்கு ஹெபடைடிஸ் பி பற்றித்தான் அதிகக் கவலை. தடுப்பூசி போடாதவருக்கு அது எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். மூன்று டோஸும் முடித்தீர்களா? ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர், அதாவது ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி எதிர்ப்புப்பொருளின் அளவு, 10 mIU/mLக்கு மேல் இருந்தால் நிம்மதி.

அப்புறம், விரலைப் பிதுக்கி ஸ்பிரிட் ஊற்றினேன் என்கிறீர்களே, இரண்டும் வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிஜியோடு சண்டை எதற்கு, யூனிட் அசிஸ்டென்ட்டிடம் (உதவிப் பேராசிரியர்) ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.