சட்டைக்கு 700 ரூபாய் லாபம், கையில் காசு இல்லை

கேள்வி: நாங்கள் மூன்று பேரும் கல்லூரித் தோழிகள். ஆளுக்கு 2 லட்சம் போட்டு 14 மாதமாக லினன் துணியில் சட்டை, குர்தா, மேசை விரிப்பு, நாப்கின், குஷன் உறை செய்து விற்கிறோம். ஒருத்தி தைக்கிறாள். ஆர்டர், போட்டோ, பார்சல் எல்லாம் நான். மூன்றாமவள் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள், தீபாவளிக்கு முன் கூடுதலாக 80,000 கொடுத்தாள். முழுக்கைச் சட்டை 1,800 ரூபாய். துணி 2.25 மீட்டர், மீட்டர் 420, பட்டன், நூல், லேபிள் 45, பேக்கிங் 30, கொரியர் 80. செலவு 1,100 போக 700 லாபம் என்று கணக்கு. ஆனால் வங்கியில் 11,000தான் இருக்கிறது. நான்கு மாடல், ஐந்து நிறம், ஆறு சைஸ் வைத்திருப்பதால் படுக்கையறை முழுக்கச் சரக்கு. துவைத்ததும் கை சுருங்கிவிட்டது என்று நூற்றுக்குப் பத்து சட்டை திரும்பி வருகிறது. பெங்களூரு கடை ஒன்று 68,000 ரூபாயை ஐந்து மாதமாகத் தரவில்லை. தைக்கிற தோழி முன்போல் பேசுவதில்லை. காசுப் பேச்சை எடுத்தால் நட்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
ஈரோடு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதிய செலவுக் கணக்கை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். துணி இருக்கிறது, பட்டன் இருக்கிறது, கொரியர் கூட இருக்கிறது. தையல் கூலி இல்லை. வீட்டிலேயே தோழி தைப்பதால் அதற்குக் காசு கொடுக்கவில்லை, அதனால் கணக்கிலும் ஏறவில்லை. உங்கள் விலை தப்பாக இருப்பதற்கும் அவர் பேச்சு குறைந்ததற்கும் காரணம் இந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறோம். அதனால் விலையையும் நட்பையும் சேர்த்தே பேசுகிறோம்.

முதலில் சட்டைக் கணக்கு. துவைக்காத லினன் நீளவாக்கில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். 6 என்று வைத்தாலும், வெட்டுவதற்கு 2.25 மீட்டர் கிடைக்க 2.39 மீட்டர் வாங்க வேண்டும். துணி மட்டும் 1,005 ரூபாய். வெட்டு முன் துவைத்து அயர்ன் செய்ய 40. நெசவுப் பிசிறு, கறை, வெட்டுப் பிழை என்று துணியில் 3 சதவீதம் போனால் 30. ஓரம் மடித்துத் தைக்கும் முழுக்கைச் சட்டைக்கு வெட்டு, தையல், காஜா எல்லாம் சேர்த்து 3 மணி நேரம் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டு, மணிக்கு 90 வைத்தால் 270. பட்டன், நூல், லேபிள் 45, பேக்கிங் 30, கொரியர் 80. திரும்பி வரும் பத்துக்கு இரண்டு வழிக் கொரியரும், மறுபடி விற்க முடியாமல் போகும் இரண்டு மூன்றின் நஷ்டமும் சேர்ந்து ஒவ்வொரு சட்டைக்கும் சுமார் 55. போட்டோ, விளம்பரம், வாடிக்கையாளரிடம் பேசும் உங்கள் நேரத்துக்கு 100. கூட்டினால் 1,655. நீங்கள் வாங்கும் 1,800-க்குள் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம் என்றால் உங்களுக்கு நிற்பது 1,714. மிச்சம் 59 ரூபாய்.

இதில் 270-ம் 100-ம் நாங்கள் வைத்த எண்கள். உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த எண் போட்டாலும் 700 வராது. வரியோடு 2,250 ரூபாய்க்கு விற்றால் வரி போக 2,143. அதில் 488 நிற்கும். அங்கிருந்துதான் இது தொழில். மேலே எவ்வளவு போகலாம் என்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், வரி சேர்க்காத விலை 2,500 வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம். அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 18. 2,500 ரூபாய்ச் சட்டை வாடிக்கையாளருக்கு 2,625. 2,600 ரூபாய்ச் சட்டை 3,068. நடுவில் இருக்கும் விலைகளை வைக்காதீர்கள்.

ஜிஎஸ்டி எண் பற்றி நீங்கள் எழுதவில்லை. 40 லட்சத்துக்குள் விற்பனை இருந்தால் வேண்டாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அது மாநிலத்துக்குள் விற்பதற்கு. பெங்களூருக்குச் சரக்கு போனால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள்.

கை சுருங்குவதை ஒரே நாளில் கண்டுபிடிக்கலாம். புது ரோலில் 60 செ.மீ. சதுரம் வெட்டி, நடுவில் 50 செ.மீ. சதுரத்தை அழியாத மார்க்கரால் வரையுங்கள். வீட்டு மெஷினில் 40 டிகிரியில் துவைத்து, நிழலில் காயவைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே அயர்ன் செய்து அளந்து பாருங்கள். நீளம் 47 ஆகியிருந்தால் 6 சதவீதச் சுருக்கம். 24 அங்குலக் கையில் அது ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். மணிக்கட்டுக்கு மேலே கை நிற்கும், வாடிக்கையாளர் திருப்பி அனுப்புகிறார். அதே துண்டை இரண்டாம் முறை துவைத்து அளந்து பாருங்கள். இன்னும் 1 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் ரோல் முழுவதையும் இரண்டு முறை துவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

துவைப்பதிலும் பிழை வரும். ரோலை 5, 6 மீட்டர் துண்டுகளாக்கி, வெட்டிய ஓரத்தில் ஓவர்லாக் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு துவைப்பிலேயே அரை சாண் நூலாகப் பிரிந்து, துணியைச் சுற்றிக் கயிறு போல் முறுக்கிக்கொள்ளும். மெஷினைப் பாதிதான் நிரப்பலாம். லினன் நிறையத் தண்ணீர் குடிக்கும், நெருக்கி அடைத்தால் விழும் மடிப்புக் கோடு அப்படியே நின்றுவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது.

திரும்பி வந்த சட்டைகளின் அக்குளையும் தோள்பட்டையையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தையல் அறுந்திருக்காது, ஆனால் தையலை ஒட்டித் துணி நகர்ந்து ஏணி போல் இடைவெளி தெரியும். லினன் நூல் வழவழப்பானது, பிடிப்பு குறைவு. அரை செ.மீ. விட்டு ஓவர்லாக் மட்டும் அடித்தால் நகரத்தான் செய்யும். ஒன்றரை செ.மீ. விட்டு, ஒரு ஓரத்தை மற்றொன்றால் மூடி மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். சட்டைத் துணிக்கு 11 அல்லது 12 நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் போதும். நெருக்கித் தைத்தால் பலம் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். லினனில் ஊசி அத்தனை முறை குத்தினால் துணிதான் பலமிழக்கும்.

மீட்டர் 420 என்று வாங்குவது லினன்தானா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். நல்ல நீள இழை பெரும்பாலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் விளையும் ஆளிச் செடியிலிருந்து வருகிறது. அதனால்தான் விலை. திட்டுத்திட்டாகத் தடித்த நூல் போட்ட பருத்தியும், ‘காட்டன் லினன்’ கலப்பும், பாலியஸ்டர் கலந்ததும் இதே பெயரில் விற்கப்படுகின்றன. ஒரு நூலைக் கொளுத்தினால் பாலியஸ்டர் உருகிக் கருமணியாக இறுகும், அது தெரிந்துவிடும். பருத்தியும் லினனும் ஒரே மாதிரி காகித வாசத்தோடு சாம்பலாகும். நெருப்பு அவற்றைப் பிரித்துக் காட்டாது. கோவையில் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) ஆய்வகம் உங்களுக்குப் பக்கம்தான். புது வியாபாரியிடம் முதல் ரோல் வாங்கும்போது ஒரு துண்டைக் கொடுத்து இழைக் கலவைச் சோதனை செய்துவிடுங்கள். லேபிளில் ‘100% லினன்’ என்று போடும் உரிமை அதன் பிறகுதான் வருகிறது. எடையை நீங்களே பார்க்கலாம். 10 செ.மீ. சதுரம் வெட்டி நகைத் தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்குங்கள். 1.4 கிராம் என்றால் 140 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம், சட்டைக்குச் சரி. மேசை விரிப்புக்கு 200-ஐ ஒட்டி வேண்டும். நூலை ‘லீ’ கணக்கில் சொல்வார்கள்; எண் கூடக்கூட நூல் மெல்லியது. சட்டைக்கு 60 லீ, வீட்டுத் துணிக்கு 40 லீ அல்லது அதற்கும் தடிமன் என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பெரிய பதில் உங்கள் படுக்கையறையில் இருக்கிறது. 4 மாடல், 5 நிறம், 6 சைஸ் என்றால் 120 வகை. வகைக்கு மூன்று வைத்தாலே 360 உருப்படி. கொரியரும் பேக்கிங்கும் நீக்கி, உங்கள் கணக்குப்படி ஒன்று 990 என்றால், 3,56,400 ரூபாய் அங்கே அடுக்கிக் கிடக்கிறது. மூவரும் போட்ட 6.8 லட்சத்தில் பாதிக்கு மேல். இரண்டு மாடல், மூன்று நிறம், நான்கு சைஸுக்கு இறங்குங்கள்: 24 வகை, 72 உருப்படி. மற்ற நிறமும் சைஸும் ஆர்டர் வந்த பின் பத்து நாளில் தைத்துத் தருவதாகச் சொல்லலாம். லினன் வாங்குகிறவர்கள் அதற்குக் காத்திருப்பார்கள். அடுக்கி வைத்திருப்பதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். லினன் இழைக்கு நெகிழ்வு இல்லை, ஒரே கோட்டில் அழுந்திக் கிடந்தால் அந்த மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

சைஸ் தொல்லை இல்லாத வீட்டுத் துணிகளுக்கு முக்கியத்துவம் கூட்டுங்கள். நாப்கினைப் பாருங்கள். பில்லில் 58 அங்குலம் என்றிருக்கும் துணி துவைத்த பின் 56-க்கு வந்துவிடும், அதாவது 142 செ.மீ. குறுக்கே மூன்று பிரித்தால் ஒன்று 47. நான்கு பக்கமும் ஒரு செ.மீ. வீதம் இரண்டு மடிப்பு மடித்தால் 43 செ.மீ. நாப்கின். துவைத்த துணி ஒரு மீட்டரில் ஆறு வரும். கத்தரிக்கு முன், வெட்ட வேண்டிய இடத்தில் ஓரத்தில் சின்னதாக நறுக்கி, ஒரே ஒரு நூலை ஊசி நுனியால் எடுத்து மெதுவாக உருவுங்கள். துணியின் குறுக்கே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். ஸ்கேல் வைத்து வெட்டினால் நேராகத் தெரியும், ஆனால் நூல் சாய்ந்திருந்தால் முதல் துவைப்பில் சதுரம் கோணிக்கொள்ளும். இதைச் செய்யப் பொறுமைதான் வேண்டும், மெஷின் வேண்டாம்.

இனி உங்கள் மூவருக்குள். எழுதிக்கொள்ளாவிட்டாலும் சட்டம் உங்களைக் கூட்டாளிகள் என்றே பார்க்கும். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்வது: வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் லாபமும் நஷ்டமும் சமபங்கு, உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. நாள் முழுக்கத் தைப்பவருக்கும் மாதம் ஒருமுறை போனில் விசாரிப்பவருக்கும் ஒரே மூன்றில் ஒரு பங்கு. இப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் யாரும் முடிவு செய்யவில்லை, பேசாததால் இப்படி ஆகியிருக்கிறது. அதே பிரிவின்படி, மூலதனத்துக்கு மேல் ஒரு கூட்டாளி முன்பணமாகக் கொடுத்ததற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. சென்னைத் தோழியின் 80,000 கடனா, மூலதனமா? கடன் என்றால் வருடம் 4,800 அவருக்குச் சேர வேண்டும். அவரும் கேட்காமல் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

கூட்டாண்மைப் பத்திரம் எழுதும்போது சம்பளம் வேறு, பங்கு வேறு என்று பிரித்து எழுதுங்கள். தையலுக்கு உருப்படிக் கூலி, உங்கள் வேலைக்கு மாதத் தொகை. இரண்டும் போக மிஞ்சுவதுதான் லாபம், அதை மூவரும் சமமாகப் பிரிக்கலாம். கையில் பணம் இல்லாத மாதம் கூலியைப் பாக்கி என்று எழுதுங்கள், விட்டுக்கொடுத்ததாக எழுதாதீர்கள். ஒருவர் தனியாக எத்தனை ரூபாய் வரை துணி வாங்கலாம் என்று வரம்பு வையுங்கள், ஏனென்றால் ஒருவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மூவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. விலகுகிறவர் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும் சரக்கைப் பாதி விலைக்கு மதிப்பிட வேண்டும். பெயரும் இன்ஸ்டாகிராம் கணக்கும் வெட்டு பேட்டர்ன்களும் யாருக்கு என்று எழுத வேண்டும். பேட்டர்னை எல்லாரும் மறக்கிறார்கள், சண்டை அதில்தான் வருகிறது. ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தொழில் தொடருமா என்பதையும் சேருங்கள். எழுதாவிட்டால் அன்றோடு நிறுவனம் கலைந்துவிடும்.

எழுதியதைப் பதிவுத் துறையில் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது என்கிறது 69-ஆவது பிரிவு. பெங்களூரு 68,000-க்கு அதுதான் முதல் படி. பில்லையும் டெலிவரி ரசீதையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதிவு முடிந்ததும் வக்கீல் நோட்டீஸ். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதையும் செய்தால் இனிமேல் போகும் சரக்குக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டப்படி கேட்கலாம். அந்தக் கடைக்குப் பழைய பாக்கி தீரும் வரை புதுச் சரக்கு போகக் கூடாது.

பேச்சை எப்படித் தொடங்குவது என்றுதானே பயம்? குறையை எடுத்துக்கொண்டு போகாமல் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். மூவரும் நேரில் உட்காருங்கள், போனில் வேண்டாம். 14 மாதத்தில் எத்தனை சட்டை, குர்தா, விரிப்பு தைக்கப்பட்டது என்று ஆர்டர் நோட்டைப் பார்த்து முன்கூட்டியே எண்ணிவிடுங்கள். தையல் கூலி வரியைக் காலியாக விட்டு, தாளைத் தோழியிடம் கொடுத்து, வெளியாளுக்குத் தைத்தால் எவ்வளவு கேட்பாய் என்று கேளுங்கள். அவர் 320 என்று எழுதினால், 320 போட்டுச் சட்டை விலையை மூவரும் அங்கேயே மறுபடி கூட்டிப் பாருங்கள்.