மைக்ராஸ்கோப்பைக் கழற்றிப் பார்க்கும் பெண்ணை ஏன் மருத்துவத்துக்குத் தள்ளுகிறீர்கள்?

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், ஆனால் இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். பெரியப்பாவும் அத்தையும் போனை எடுத்தாலே "இந்த மார்க்கை வீணாக்கலாமா?" என்கிறார்கள். கடன் தவணை கட்டும் நாளில் அந்த போன் வராது. வீட்டை அடமானம் வைத்தாவது மருத்துவம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். நோயாளிகளோடு பழகும் வேலை தனக்கு ஒத்துவராது என்று அவளே சொல்லும்போது, யாருடைய ஆசைக்காக அந்தக் கடன்?

மென்பொருள் போன்ற வழிகளைப் பற்றி உறவினர்களே வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: பாடத்தைவிட மைக்ராஸ்கோப்பைக் கழற்றிப் பார்ப்பதில்தான் அவளுக்கு ஆர்வம். எனக்கு அந்த வரிதான் முக்கியம். அவள் ராமன் நுண்ணோக்கியைப் பற்றி, அதாவது சாயம் ஏற்றாமலேயே செல்லைப் படம் எடுக்கும் மைக்ராஸ்கோப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வெளிவரும் என்பதை 1928இல் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டார்கள். எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறு அதிரும் விதத்தைப் பொறுத்தது. இந்த மாற்றத்தை அலை எண் என்ற அளவில் சொல்வார்கள்: கொழுப்பு 2,850க்கு அருகில் தெரியும், புரதம் 2,930க்கு அருகில். ஆகவே செல்லுக்குச் சாயம் ஏற்றாமலேயே எது எங்கே இருக்கிறது என்று படம் எடுக்கலாம். சாயம் ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். பெரிய புரதத்துக்குப் பரவாயில்லை. குளுக்கோஸ் போன்ற சின்ன மூலக்கூறில் ஒட்டும் சாயம் அதைவிடப் பெரிதாக இருக்கும், அதன் போக்கையே மாற்றிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சமிக்ஞை ரொம்பப் பலவீனம். சுமார் ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் இப்படி மாறும், அதனால் ஒரு படத்துக்கே மணிக்கணக்கில் ஆகலாம். இரண்டு லேசர்களை எடுத்து, அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தை மூலக்கூறின் அதிர்வோடு பொருத்தினால் சமிக்ஞை பல மடங்கு கூடும். தூண்டப்பட்ட ராமன் சிதறல் என்ற இந்த முறையில் 2008இல் உயிருள்ள செல்களைப் படம் எடுத்துக் காட்டினார்கள். இன்று வீடியோ வேகத்திலேயே எடுக்கலாம். ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) மூன்றில் ஒரு பங்கு அளவு வரை நுணுக்கம் தெரியும்.

அத்தைக்கு இதைச் சொல்லுங்கள்: மூளைக் கட்டி அறுவை சிகிச்சையின்போது, வெட்டியெடுத்த திசுவை அப்படியே இந்தக் கருவியில் வைத்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு 150 வினாடிக்குள் கட்டியின் வகையைச் சொல்ல முடிந்தது என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. வழக்கமான முறைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். உங்கள் மகள் டாக்டராகாமலேயே ஆபரேஷன் தியேட்டருக்குத் தேவைப்படுவாள்.

வேலை அழகானது, ஆனால் சொகுசானது அல்ல. இருட்டறையில் லேசர் கற்றைகளை மணிக்கணக்கில் நேர்ப்படுத்த வேண்டும், மின்னணுச் சுற்றில் இரைச்சலைத் துரத்த வேண்டும், நிறமாலைகளைப் பிரித்தெடுக்க நிரல் எழுத வேண்டும், செல் வளர்க்கவும் தெரிய வேண்டும். இளநிலை இயற்பியல், ஒளியியலில் முதுநிலை, பிறகு முனைவர் பட்டம் என்று பத்து வருடம்கூடப் போகலாம். இந்தத் துறையில் மட்டும் வேலை தேடினால் இடங்கள் குறைவுதான். ஆனால் கை பழகிய ஒளியியல் ஆளை மருந்துத் தயாரிப்பு, சிப் பரிசோதனை, கருவி நிறுவனங்கள் எல்லாம் எடுத்துக்கொள்ளும்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கவர்ச்சியான பெயர் வைத்து அதிகக் கட்டணம் வாங்கும் பட்டப்படிப்பு வேண்டாம், சாதாரண இயற்பியல் போதும். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தராமல் முழுக் கட்டணத்தையும் உங்களிடமே கேட்கும் இடத்துக்குப் போகக்கூடாது. கல்லூரியில் சேர்க்கும் முன் ஒளியியல் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். மாணவர்களே லேசரைத் தொட்டு வேலை செய்கிறார்களா, ஆசிரியர் செய்துகாட்டுவதோடு சரியா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

அப்புறம், முதல் வருட விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். ஒத்துவரவில்லை என்றால் வேறு பக்கம் திரும்பலாம். அப்போது தலைமேல் கடன் இருக்காது.